சாகும் செல்லின் கையிருப்பு

இதயத்தின் ரத்தக்குழாய் அடைபட்டு மாரடைப்பு வந்தால் மருத்துவர்களின் முதல் வேலை அடைப்பை நீக்குவது. கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டோ, ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஸ்டென்ட் வைத்தோ ரத்த ஓட்டத்தைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் தசை அழிகிறது என்பதால் இதில் இரண்டாவது கருத்துக்கு இடமே இல்லை. ஆனால் ரத்தம் திரும்பிய முதல் சில நிமிடங்களில், அதுவரை தாக்குப்பிடித்து நின்ற தசைச் செல்களில் ஒரு பகுதி செத்துவிடுகிறது. ஆக்சிஜன் இல்லாதபோது சாகாத செல், ஆக்சிஜன் வந்ததும் சாகிறது. காப்பாற்ற வந்த சிகிச்சையோடு ஒட்டிக்கொண்டு வரும் இந்தச் சேதத்தைத் தடுக்க இன்றுவரை நம்பகமான மருந்து இல்லை.

இதைப் புரிந்துகொள்ள, அந்த நேரத்தில் செல்லின் கையில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். எவ்வளவு ஆற்றல் மிச்சமிருந்தது, எந்த எரிபொருள் பாதி எரிந்த நிலையில் தேங்கிக் கிடந்தது, நச்சு வேதிப்பொருட்களை அடக்கும் சரக்கு எவ்வளவு இருந்தது என்பவைதான் கேள்விகள். திட்டமிட்ட செல் இறப்பைப் பாடநூல்கள் பெரும்பாலும் மரபணுக்களின் கதையாகவும் சமிக்ஞைகளின் கதையாகவும் சொல்கின்றன. அது சரிதான், ஆனால் பாதிதான். சாகும்படி ஆணை வருவது ஒன்று. அந்த ஆணையைச் செல் நிறைவேற்றுமா, எந்த முறையில் நிறைவேற்றும் என்பது வேறொன்று. இந்த இரண்டாவதைத் தீர்மானிப்பது வளர்சிதை மாற்றம், அதாவது எரிபொருளை ஆற்றலாகவும் தேவையான பொருட்களாகவும் மாற்றும் செல்லின் வேதிவினைகள். நோயாளிக்கு முக்கியமானதும் இதுவே, ஏனென்றால் ஒரு செல் எப்படிச் சாகிறது என்பதைப் பொறுத்தே அதன் அக்கம்பக்கம் பிழைக்கிறது.

செல்கள் சாவது இயல்பு. நம் உடலில் ஒரு நாளைக்குச் சுமார் 33,000 கோடி செல்கள் போய்ப் புதியவை வருகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை ரத்தச் செல்களும் குடலின் உட்சுவர்ச் செல்களும். 1972இல் ஜான் கெர், ஆண்ட்ரூ வைலி, அலஸ்டேர் கரி ஆகிய மூவரும் ஒழுங்கான செல் இறப்பை விவரித்து அதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். செல் சுருங்குகிறது, உட்கருவில் உள்ள டி.என்.ஏ. திரண்டு துண்டாகிறது, செல் சிறு பொட்டலங்களாகப் பிரிகிறது, பக்கத்துச் செல்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன. எதுவும் சிந்துவதில்லை, அழற்சியும் இல்லை. சீனோரப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் புழுவின் வளர்ச்சியில் உருவாகும் 1,090 உடற்செல்களில் 131 செல்கள் இப்படித் தவறாமல் சாகின்றன. அதைத் தடம்பிடித்த சிட்னி பிரென்னர், ஜான் சல்ஸ்டன், ராபர்ட் ஹார்விட்ஸ் ஆகியோருக்கு 2002இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதற்கு நேர்மாறானது நெக்ரோசிஸ். செல் வீங்கி, சவ்வு கிழிந்து, உள்ளே இருந்ததெல்லாம் வெளியே கொட்டுகிறது. நோயெதிர்ப்புச் செல்கள் அதைத் தாக்குதலாக எடுத்துக்கொண்டு விரைந்து வருகின்றன, அழற்சி பரவுகிறது. முன்பு இதை வெறும் விபத்து என்று நினைத்தார்கள். இப்போது இந்த வெடித்துச் சாகும் வகைக்குள்ளும் நெக்ரோப்டோசிஸ், பைரோப்டோசிஸ், ஃபெரோப்டோசிஸ் எனத் தனித்தனிப் பொறிமுறைகள் இருப்பது தெரியும்.

இளஞ்சிவப்பாக வந்த புரதம்

வளர்சிதை மாற்றமும் செல் இறப்பும் ஒரே இடத்தில் கைகோத்து நிற்பதை உலகுக்குக் காட்டியது 1996இல் அட்லான்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனை. சியாவ்டாங் வாங்கின் குழு, ஆய்வகங்களில் வளர்க்கப்படும் ஹீலா என்ற மனிதப் புற்றுச் செல்களை உடைத்து, உட்கருவையும் மற்ற உறுப்புகளையும் நீக்கி, மிச்சமிருந்த தெளிந்த சாற்றைச் சோதனைக் குழாயில் எடுத்துக்கொண்டது. உயிருள்ள செல்லே இல்லாத அந்தச் சாற்றில் டி.ஏ.டி.பி. என்ற சிறு மூலக்கூறைச் சேர்த்ததும், செல்லை வெட்டிப் போடும் காஸ்பேஸ் நொதிகள் விழித்துக்கொண்டன. செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யின் நெருங்கிய உறவினர்தான் இந்த டி.ஏ.டி.பி.

அப்படியானால் சாற்றில் அதோடு சேர்ந்து வேலை செய்யும் புரதங்கள் எவை? சாற்றைப் படிப்படியாகப் பிரித்துக்கொண்டே போனார்கள். தேவையான புரதங்களில் ஒன்று தூய்மையாகக் கையில் வந்தபோது இளஞ்சிவப்பு நிறத்தில் இருந்தது. உயிர்வேதியியலில் அந்த நிறத்துக்கு ஒரு பொருள் உண்டு: உள்ளே இரும்பைத் தாங்கிய ஹீம் இருக்கிறது. ஒளி உறிஞ்சும் பாங்கைப் பார்த்ததும் ஐயம் தீர்ந்தது. அது சைட்டோகுரோம் சி. செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசச் சங்கிலியில் மூன்றாவது புரதக் கூட்டமைப்பிலிருந்து நான்காவதற்கு எலெக்ட்ரானைச் சுமந்து செல்லும், பல பத்தாண்டுகளாக எல்லாருக்கும் தெரிந்த, எந்த மர்மமும் இல்லாத புரதம்.

செல்லை வாழவைக்கும் சுவாசத்தில் அன்றாடம் உழைக்கும் அதே புரதம், மைட்டோகாண்ட்ரியாவை விட்டு வெளியே கசிந்தால் மரண ஆணையாகிவிடுகிறது. வெளியே வந்த சைட்டோகுரோம் சி, ஏபாஃப்-1 என்ற புரதத்தோடு சேர்கிறது, டி.ஏ.டி.பி. அல்லது ஏ.டி.பி.யின் துணையோடு ஏழு ஆரங்கள் கொண்ட சக்கர வடிவில் ஒன்றுகூடுகிறது. அந்தச் சக்கரம் காஸ்பேஸ்-9ஐ முடுக்கிவிடுகிறது. அறிவித்த புதிதில் பலர் இதை நம்பத் தயங்கினார்கள். இவ்வளவு பழக்கமான புரதத்துக்கு இப்படியொரு இரண்டாவது வேலை இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

அந்தச் சக்கரம் கூடுவதற்கே ஏ.டி.பி. வகை மூலக்கூறு வேண்டும் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒழுங்காகச் சாவதற்கும் செலவாகிறது. இதை நேரடியாகச் சோதித்தவர்கள் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்செல் லீஸ்ட், பியர்லூய்ஜி நிகோட்டெரா ஆகியோரின் குழுவினர். 1997இல் அவர்கள் நோயெதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான மனித டி செல்களை எடுத்து, வழக்கமாக அப்போப்டோசிஸைத் தூண்டும் பொருட்களைக் கொடுத்தார்கள். கூடவே ஏ.டி.பி. உற்பத்தியையும் முடக்கினார்கள். ஆணை அதேதான், ஆனால் செல்கள் வீங்கி வெடித்துச் செத்தன. பிறகு குளுக்கோஸைப் படிப்படியாகக் கொடுத்து ஏ.டி.பி. இருப்பை உயர்த்தியபோது, அவை மறுபடி ஒழுங்காகச் சுருங்கிச் சாகும் திறனைப் பெற்றன. அதே ஆண்டில் ஜப்பானில் யோஷிஹிதே சுஜிமோட்டோவின் குழுவும் இதே முடிவுக்கு வந்தது.

செல் இறப்பு ஆராய்ச்சியில் இந்தச் சோதனைக்குக் கிடைக்க வேண்டிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் கருத்து. ஒரே விஷம், ஒரே வகைச் செல். வேறுபட்டது கையிருப்பில் இருந்த ஏ.டி.பி. மட்டும். நோயுற்ற ஒரு திசுவின் நடுப்பகுதியில் செல்கள் வெடித்தும் ஓரங்களில் சுருங்கியும் செத்துக் கிடப்பது ஏன் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் இல்லை. பக்கவாதத்தில் மூளையில் காணப்படுவது இதுதான்: ரத்தம் அறவே நின்ற மையத்தில் நெக்ரோசிஸ்; கொஞ்சமாவது ரத்தம் வந்துகொண்டிருக்கும் சுற்றுப்புறத்தில், மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் நடக்கும் அப்போப்டோசிஸ். மருத்துவர்கள் காப்பாற்றப் போராடுவது இந்தச் சுற்றுப்புறத்தைத்தான்.

ஆக்சிஜன் திரும்பும் நிமிடங்கள்

இதயம் ஒரு நாளைக்குப் பல கிலோ எடையுள்ள ஏ.டி.பி.யைச் செலவழித்து மறுபடி ஆக்கிக்கொள்கிறது. கையில் இருப்பதோ சில விநாடிகளுக்கு மட்டும் போதுமானது. ஆகவே இதயத் தசைச் செல்லின் கன அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மைட்டோகாண்ட்ரியாவே நிரப்பியிருக்கிறது. வழக்கமான எரிபொருள் பெரும்பாலும் கொழுப்பு அமிலங்கள். அவற்றை ஆக்சிஜன் இல்லாமல் எரிக்க முடியாது.

ரத்தம் நின்றதும் செல் குளுக்கோஸை ஆக்சிஜன் இன்றி உடைக்கும் பாதைக்குத் தாவுகிறது. லாக்டேட் தேங்குகிறது, செல்லுக்குள் அமிலத்தன்மை ஏறுகிறது. அமிலத்தை வெளியேற்ற முயலும்போது சோடியம் உள்ளே வருகிறது. சோடியத்தை வெளியேற்ற முயலும்போது கால்சியம் உள்ளே வருகிறது. ஏ.டி.பி.யைத் தயாரிக்க வேண்டிய மைட்டோகாண்ட்ரியாவின் நொதியே திசை மாறி, தன் சவ்வின் மின்னழுத்தத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஏ.டி.பி.யை உடைக்கத் தொடங்குகிறது. ராபர்ட் ஜென்னிங்ஸும் கீத் ரைமரும் நாய்களின் இதயங்களில் பல ஆண்டுகள் செய்த ஆய்வுகள், இந்தச் சேதம் இதயச் சுவரின் உட்புறத்தில் தொடங்கி வெளிப்புறத்தை நோக்கி நேரத்தோடு நகர்வதைக் காட்டின. மாரடைப்பில் நேரமே தசை என்று மருத்துவர்கள் வலியுறுத்துவதற்கு அடிப்படை இந்த ஆய்வுகள்தான்.

ஆனால் ஆக்சிஜன் திரும்பும்போது ஏன் சாக வேண்டும்? 2014இல் கேம்பிரிட்ஜில் மைக்கேல் மர்ஃபியும் எட்வர்ட் சூச்சானியும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு தெளிவான வேதியியல் விடை சொன்னது. எலிகளின் இதயம், மூளை, சிறுநீரகம், கல்லீரல் என வெவ்வேறு உறுப்புகளில் ரத்த ஓட்டத்தை நிறுத்தி, உள்ளே என்னென்ன சேர்கின்றன என்று அளந்தார்கள். எல்லா உறுப்புகளிலும் பொதுவாகக் குவிந்த பொருள்களில் முதன்மையானது, பாதி எரிந்த எரிபொருளான சக்சினேட். ரத்தம் திரும்பிய ஐந்து நிமிடத்துக்குள் அந்தக் குவியல் காணாமல் போனது. அதாவது, அது அவ்வளவு வேகமாக எரிந்திருக்கிறது.

அந்த எரிப்புதான் ஆபத்து. சக்சினேட்டிலிருந்து பெருவெள்ளமாகக் கிளம்பும் எலெக்ட்ரான்கள் சுவாசச் சங்கிலியின் இரண்டாவது கூட்டமைப்பு வழியே நுழைகின்றன. முன்னே போகும் பாதை அத்தனையையும் ஏற்க முடியாது. கீழ்மதகு அடைபட்ட வாய்க்காலில் ஒரேயடியாகத் தண்ணீரைத் திறந்துவிட்டால் அது எதிர்த்திசையில் ஏறுவதுபோல, எலெக்ட்ரான்கள் முதலாவது கூட்டமைப்பை நோக்கிப் பின்னால் பாய்கின்றன. அங்கே அவை ஆக்சிஜனோடு நேரடியாகச் சேர்ந்து சூப்பராக்சைடு என்ற தீவிர வினைப்பொருளை உண்டாக்குகின்றன. சக்சினேட் குவிவதையும் எரிவதையும் தடுக்கும் மாலோனேட் வகைப் பொருளை எலிகளுக்கு முன்கூட்டியே கொடுத்தபோது இதயச் சேதம் குறைந்தது. பொத்தாம்பொதுவாக ‘ஆக்சிஜன் அழுத்தம்’ என்று பல காலம் பேசப்பட்டதற்கு மூலமும் பாதையும் இப்படித் தெரியவந்தது.

இதற்கு அடுத்த படிதான் உயிர்போகும் படி. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் திறக்கக்கூடிய ஒரு பெருந்துளை இருக்கிறது. கால்சியமும் தீவிர ஆக்சிஜன் பொருட்களும் அதைத் திறக்கத் தூண்டுகின்றன; அமிலத்தன்மை அதை மூடி வைக்கிறது. ரத்தம் நின்றிருந்தபோது கால்சியம் ஏறினாலும் அமிலம் துளையை அடக்கி வைத்திருந்தது. ரத்தம் திரும்பியதும் அமிலம் கழுவப்படுகிறது, சூப்பராக்சைடு எழுகிறது, துளை திறந்துகொள்கிறது. சவ்வின் மின்னழுத்தம் சரிந்து, ஏ.டி.பி. தீர்ந்து, செல் வெடிக்கிறது. இந்தத் துளையைத் திறக்க உதவும் சைக்ளோஃபிலின் டி என்ற புரதம் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகள், மாரடைப்புச் சேதத்தை நன்றாகத் தாங்கின என்று 2005இல் வெளியான ஆய்வுகள் காட்டின. அதே எலிகளின் செல்கள் அப்போப்டோசிஸில் வழக்கம்போலவே செத்தன. ஆக இது வேறு வாசல்.

இதைவிட ஆச்சரியமானது 1986இல் டியூக் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் மரி, ஜென்னிங்ஸ், ரைமர் ஆகியோர் கண்டது. நாயின் இதய ரத்தக்குழாயை 40 நிமிடம் அடைப்பதற்கு முன்னால், நான்கு முறை ஐந்தைந்து நிமிடம் அடைத்துத் திறந்தார்கள். கூடுதலாக ரத்தம் நிறுத்தப்பட்ட அந்த இதயங்களில் செத்த தசையின் அளவு, நேரடியாக 40 நிமிடம் அடைக்கப்பட்டவற்றில் இருந்ததில் கால் பங்குதான். சிறு பட்டினிகள் செல்லின் வளர்சிதை மாற்றத்தையே மாற்றி, ஏ.டி.பி. செலவைக் குறைத்து, துளை எளிதில் திறக்காதபடி செய்துவிடுகின்றன.

இவ்வளவு தெரிந்த பிறகும் மருந்து வரவில்லை என்பது வருத்தமான செய்தி. துளையைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின், 2008இல் பிரான்சில் 58 நோயாளிகளிடம் நம்பிக்கை தந்தது. 2015இல் 970 பேரிடம் நடந்த பெரிய சோதனையில் ஒரு பலனும் இல்லை. நோயாளிகள் முதியவர்கள், நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம் எல்லாம் உள்ளவர்கள், ஏற்கெனவே பல மருந்துகள் எடுப்பவர்கள். ஆய்வகத்து இளம் விலங்கின் இதயமும் இவர்களுடைய இதயமும் எரிபொருள் விஷயத்திலேயே ஒன்றல்ல. நீரிழிவு உள்ளவரின் இதயம் கொழுப்பை இன்னும் அதிகமாகச் சார்ந்திருக்கிறது. மருந்து தோற்றதற்கு இதை முக்கியக் காரணமாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். செல்லின் அன்றைய கையிருப்பைப் பார்க்காமல் சாவின் கடைசிப் படியை மட்டும் அடைத்தால் எல்லாருக்கும் ஒரே பலன் எப்படிக் கிடைக்கும்?

பீட்டா செல்லின் பாடு

நீரிழிவு என்றதும் சர்க்கரை அளவைப் பேசுகிறோம், அதைக் கட்டுப்படுத்த வேண்டிய இன்சுலினைப் பேசுகிறோம்; கணையத்தில் இன்சுலினைத் தயாரிக்கும் பீட்டா செல்லின் கதியைக் குறைவாகவே பேசுகிறோம். சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. அத்தனை பேரின் கணையத்திலும் இந்தப் போராட்டம் நடந்துகொண்டிருக்கிறது.

பீட்டா செல்லுக்கு வளர்சிதை மாற்றமே உணர்கருவி. ரத்தத்தில் குளுக்கோஸ் கூடினால் அதே விகிதத்தில் உள்ளே வந்து எரியும், ஏ.டி.பி. உயரும், ஏ.டி.பி. உயர்ந்தால் ஒரு பொட்டாசியம் வாயில் மூடும். அதனால் கால்சியம் நுழைந்து இன்சுலின் வெளியேறும். மற்ற செல்கள் தமக்குத் தேவையான அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். பீட்டா செல் அப்படி நிறுத்தினால் அதன் வேலையே கெட்டுவிடும். ஆகவே சர்க்கரை மிகுந்த ரத்தத்தில் அது ஓயாமல் எரித்துக்கொண்டே இருக்க வேண்டியதாகிறது. போதாததற்கு, தீவிர ஆக்சிஜன் பொருட்களை அடக்கும் கேட்டலேஸ், குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் போன்ற நொதிகள் எலிகளின் பீட்டா செல்களில் கல்லீரலோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவு என்று ஜெர்மானிய ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

இன்சுலினைத் தயாரிக்கும் பாரமும் சேர்ந்துகொள்கிறது. புரதத்தை மடித்துச் சரிபார்க்கும் எண்டோபிளாச வலை திணறும்போது, பெர்க் என்ற புரதம் உற்பத்தியைச் சற்று நிறுத்தச் சொல்கிறது. திணறல் நீடித்தால் அதே பாதை அப்போப்டோசிஸை ஏவுகிறது. பெர்க் மரபணு பழுதாகிப் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறந்த சில மாதங்களிலேயே நீரிழிவு வருகிறது. உற்பத்தியை நிறுத்தச் சொல்ல ஆள் இல்லாத பீட்டா செல்கள் உழைத்து உழைத்தே அழிந்துபோகின்றன. அரிதான நோய்தான், ஆனால் இந்த ஒரு பொறி எவ்வளவு முக்கியமானது என்பதற்கு அந்தப் பச்சிளம் குழந்தைகளே சாட்சி.

பிரேதப் பரிசோதனைகளில் கிடைத்த கணையங்களைப் பீட்டர் பட்லரின் குழு 2003இல் ஆராய்ந்தபோது, உடல் பருமனோடு இரண்டாம் வகை நீரிழிவும் இருந்தவர்களிடம் பீட்டா செல்களின் கன அளவு 63 சதவீதமும், மெலிந்த நோயாளிகளிடம் 41 சதவீதமும் குறைந்திருந்தது. அப்போப்டோசிஸ் கூடியிருந்தது. ஆனால் குறைந்தவை எல்லாமே செத்தவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சில செல்கள் சாகாமல், இன்சுலின் சுரக்கும் தம் அடையாளத்தை மட்டும் இழந்து கிடக்கின்றன. பிரிட்டனில் நடந்த டைரக்ட் சோதனையில், மூன்று முதல் ஐந்து மாதம் தினமும் சுமார் 850 கலோரி உணவில் இருந்து எடையைக் குறைத்த குழுவில் 46 சதவீதம் பேர், ஓராண்டு முடிவில் மருந்தில்லாமலே நீரிழிவு அளவுக்குக் கீழே வந்திருந்தார்கள். பாரம் இறங்கியதும் சில செல்கள் வேலைக்குத் திரும்பியிருக்கின்றன. சாவதற்கு முன் ஒரு நீண்ட இடைவெளி இருக்கிறது என்பதும், அந்த இடைவெளியில் எரிபொருளைக் குறைப்பது உதவும் என்பதும் நோயாளிகளுக்குச் சொல்லப்பட வேண்டிய செய்தி. மருத்துவரின் கண்காணிப்பில்லாமல் இந்த உணவுமுறையைப் பின்பற்றக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சாக மறுக்கும் செல்கள்

புற்றுநோயில் சிக்கல் தலைகீழ். 1920களில் பெர்லினில் ஓட்டோ வார்பர்க், ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதும் புற்றுச் செல்கள் குளுக்கோஸை அரைகுறையாக உடைத்து லாக்டேட் ஆக்கித் தள்ளுவதைக் கண்டார். முழுவதும் எரித்தால் ஒரு குளுக்கோஸிலிருந்து 30க்கு மேல் ஏ.டி.பி. கிடைக்கும், இந்த அரைகுறைப் பாதையில் இரண்டுதான். மைட்டோகாண்ட்ரியா பழுதாகிவிட்டதே காரணம் என்று வார்பர்க் கருதினார். பெரும்பாலான புற்றுநோய்களில் அது உண்மையல்ல. மைட்டோகாண்ட்ரியா நன்றாகவே வேலை செய்கிறது. அவர் கண்டதோ உண்மை. இன்று பெட் ஸ்கேனில் புற்றுக்கட்டி ஒளிர்வது குளுக்கோஸுக்கான அந்தப் பசியால்தான்.

இந்தப் பசிக்கும் சாக மறுப்பதற்கும் தொடர்பு உண்டு. குளுக்கோஸை முதல் படியில் பிடிக்கும் ஹெக்சோகைனேஸ்-2 நொதி, புற்றுச் செல்களில் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் ஒட்டிக்கொண்டு, சைட்டோகுரோம் சி வெளியேறுவதைத் தடுக்க உதவுகிறது. அதே சவ்வில்தான் பி.சி.எல்.-2 என்ற புரதமும் காவல் நிற்கிறது. இந்தப் புரதம் செல்லைப் பெருகச் செய்வதில்லை, சாகவிடாமல் தடுக்கிறது என்று 1988இல் மெல்போர்னில் டேவிட் வாக்ஸ், சுசான் கோரி, ஜெரி ஆடம்ஸ் ஆகியோர் காட்டினார்கள். புற்றுநோய் என்றால் பெருக்கம் மட்டுமே என்றிருந்த எண்ணம் அதோடு மாறியது.

அந்தக் காவலை நீக்கும் வெனெட்டோக்ளாக்ஸ் மாத்திரை 2016இல் அமெரிக்காவில் ஒரு வகை நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்றது. தீவிர மயலாய்டு ரத்தப் புற்றுநோயில் அசாசிடிடின் என்ற மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது, கடுமையான கீமோதெரபியைத் தாங்க முடியாத நோயாளிகளின் இடைநிலை ஆயுள் 9.6 மாதத்திலிருந்து 14.7 மாதமாக உயர்ந்தது. இங்கும் வளர்சிதை மாற்றம் குறுக்கே வருகிறது. இந்தக் கூட்டு மருந்து புற்றுநோயின் மூலச் செல்கள் அமினோ அமிலங்களை எரித்து ஆற்றல் பெறுவதைக் குலைக்கிறது. நோய் மீண்டவர்களின் செல்களோ கொழுப்பு அமிலங்களை எரிக்கக் கற்றுக்கொண்டிருக்கின்றன. எரிபொருளை மாற்றிக்கொண்ட செல், மரண ஆணையிலிருந்தும் தப்பிவிடுகிறது.

எரிபொருளையும் மூலப்பொருளையும் பறித்தே கொல்லும் பழைய மருந்து ஒன்று இருக்கிறது. அது எனக்கு மிகவும் பிடித்த கதை. 1953இல் நியூயார்க்கில் ஜான் கிட், லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுக் கட்டி உள்ள எலிகளுக்குக் கினிப்பன்றியின் சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிநீரை, கொடுத்தபோது கட்டி கரைந்தது. குதிரை, முயல் ஆகியவற்றின் சீரத்துக்கு அந்தப் பலன் இல்லை. ஏறத்தாழ பத்தாண்டுகளில் ஜான் புரூம் காரணத்தைக் கண்டுபிடித்தார்: கினிப்பன்றியின் ரத்தத்தில் அஸ்பராஜினேஸ் என்ற நொதி நிறைய இருக்கிறது, அது அஸ்பராஜின் அமினோ அமிலத்தை உடைத்துவிடுகிறது. உடலின் பிற செல்கள் அஸ்பராஜினைத் தாமே தயாரித்துக்கொள்ளும். குழந்தைகளுக்கு அதிகம் வரும் லிம்ஃபோபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோயின் செல்களால் போதிய அளவு தயாரிக்க முடியாது. ரத்தத்தில் அஸ்பராஜின் தீர்ந்ததும் அவை அப்போப்டோசிஸில் சாகின்றன. பாக்டீரியாவிலிருந்து எடுக்கப்படும் அந்த நொதி இன்றும் உலகெங்கும் குழந்தைகளின் சிகிச்சையில் தவிர்க்க முடியாத மருந்து.

இரும்பும் கொழுப்பும்

2012இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பிரென்ட் ஸ்டாக்வெல்லும் ஸ்காட் டிக்சனும் விவரித்த ஃபெரோப்டோசிஸில் வளர்சிதை மாற்றம் துணைக் காரணம் அல்ல. அதுவே முழுப் பொறிமுறை. காஸ்பேஸ் இல்லை, தனியாக மரண ஆணை எதுவும் வேண்டியதில்லை. செல் சவ்வில் உள்ள பல இரட்டைப் பிணைப்புக் கொழுப்பு அமிலங்கள் இரும்பின் தூண்டுதலால் ஆக்சிஜனோடு சேர்ந்து சங்கிலித் தொடராகக் கெட்டுப்போகின்றன. அதைத் தடுத்துக்கொண்டிருப்பது ஜி.பி.எக்ஸ்.4 என்ற செலினியம் தாங்கிய நொதி. அந்த நொதிக்கு, நச்சு வேதிப்பொருட்களை அடக்கும் குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு வேண்டும். குளூட்டாதயோனுக்குச் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் வேண்டும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் சவ்வு கிழிகிறது. இரும்பைப் பிடித்துக்கொள்ளும் மருந்து கொடுத்தால் அதே செல் பிழைக்கிறது.

குளூட்டாதயோன் தீர்ந்தால் என்ன ஆகும் என்பதை அவசர சிகிச்சை மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். வீட்டில் எல்லாரும் வைத்திருக்கும் பாராசிட்டமால், அளவு மீறினால் கல்லீரலில் ஒரு தீவிர வினைப்பொருளாக மாறுகிறது. குளூட்டாதயோன் இருக்கும் வரை அதைக் கட்டி வெளியேற்றும். தீர்ந்தபின் அது மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்களில் ஒட்டி, ஏ.டி.பி.யைச் சரித்து, கல்லீரல் செல்களைக் கூட்டங்கூட்டமாக நெக்ரோசிஸில் கொல்கிறது. எடின்பரோவில் லாரி பிரெஸ்காட் 1970களில் நிலைநாட்டிய என்-அசிட்டைல் சிஸ்டீன் சிகிச்சை, குளூட்டாதயோனை மறுபடி தயாரிக்க மூலப்பொருளைத் தருகிறது. எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் பெரும்பாலும் கல்லீரல் தப்பிவிடும். முதலில் ஆள் நன்றாக இருப்பதுபோலவே தெரியும் என்பதால் பலர் அந்த நேரத்தை இழக்கிறார்கள். அளவு மீறியது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அப்படியானால் ஆக்சிஜனேற்றத் தடுப்பு மாத்திரைகளை எல்லாரும் விழுங்கலாமே என்று விளம்பரங்கள் சொல்லும். சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்து 1994இல் முடிவு வெளியான ஆய்வில், பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. ஆரோக்கியமான செல்லைக் காக்கும் சரக்கு, புற்றுச் செல்லையும் காக்கலாம். இந்த மாத்திரைகளை மருத்துவத் தேவையின்றி விற்பதை எதிர்க்க எனக்கு இதுவே போதுமான காரணம்.

டல்லஸில் ஷான் மாரிசனின் குழு 2020இல் வெளியிட்டது இதன் இன்னொரு முகம். மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் செல்கள் நேரடியாக ரத்தத்தில் இறங்கினால் பெரும்பாலும் ஃபெரோப்டோசிஸில் சாகின்றன. நிணநீர் வழியாகப் போனவை பிழைத்து வேறு உறுப்புகளில் கால் ஊன்றுகின்றன. நிணநீரில் நிறைய இருக்கும் ஓலியிக் அமிலம் காரணம். ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு உள்ள அந்தக் கொழுப்பு, எளிதில் கெடும் கொழுப்புகளின் இடத்தைச் சவ்வில் பிடித்துக்கொள்வதால் சங்கிலி வினை நடப்பதில்லை. அங்கே சில காலம் தங்கி வந்த செல், பிறகு ரத்தத்திலும் தாக்குப்பிடிக்கிறது. புற்றுநோய் பல சமயம் முதலில் நிணநீர்க் கணுக்களுக்குப் போவது ஏன் என்ற பழைய கேள்விக்கு, குழாய்களின் அமைப்பைத் தாண்டிய ஒரு விடை இது.

வழக்கமான மருந்துகளுக்கு மசியாமல் எஞ்சி நிற்கும் புற்றுச் செல்கள் பலவும் ஜி.பி.எக்ஸ்.4ஐ நம்பியே வாழ்கின்றன என்று 2017இல் இரண்டு குழுக்கள் காட்டின. அந்த நொதியை முடக்கும் மருந்து வந்தால் கடைசிவரை ஒளிந்திருக்கும் செல்களையும் பிடிக்கலாம். தடை ஒன்று தெளிவாகத் தெரிகிறது. வளர்ந்த எலிகளில் ஜி.பி.எக்ஸ்.4 மரபணுவை நீக்கிப் பார்த்தபோது அவை விரைவிலேயே செத்தன. சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்கள் ஃபெரோப்டோசிஸில் அழிந்து, சிறுநீரகம் செயலிழந்துபோயிருந்தது. கட்டியின் செல்லுக்கும் சிறுநீரகச் செல்லுக்கும் இடையே எந்தக் கொழுப்பு, எவ்வளவு இரும்பு, வேறு எந்தப் பாதுகாப்பு வேறுபடுகிறது என்று கண்டுபிடிக்கும் வேலையில்தான் ஆய்வகங்கள் இப்போது இறங்கியிருக்கின்றன.